கார் ப்ளோயர் ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரில் ஏசி போட்டும் காற்று வரவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் முதல் வார்த்தை "கேஸ் கம்மியா இருக்கும்" என்பதுதான். கேஸ் குறைந்தால் குளிர்ச்சி குறையும், அவ்வளவுதான். காற்றைத் தள்ளுவது கேஸ் அல்ல, டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ப்ளோயர் மோட்டார். அது ஓடவில்லை, சில ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது, சத்தம் போடுகிறது என்று வருகிற கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனித்தனி ஃபேனா?

ஒரே ஃபேன்தான். வெளிக்காற்றோ உள்காற்றோ, முதலில் கேபின் ஃபில்டர், அடுத்து ப்ளோயர், அதன்பின் கூலிங் காயில் என்று வரும். அங்கிருந்து ஒரு தடுப்புப் பலகை அந்தக் காற்றை ஹீட்டர் காயில் வழியாகவோ அதைச் சுற்றிக்கொண்டோ அனுப்பும். நீலம் சிவப்பு என்று நாம் திருகும் குமிழ் அந்தப் பலகையைத்தான் நகர்த்துகிறது. சில கார்களில் ஃபில்டரும் ப்ளோயரும் வரிசை மாறியிருக்கும், மற்றபடி கதை ஒன்றுதான்.

ஆகவே ஹீட்டரில் நன்றாகக் காற்று வந்து ஏசியில் மட்டும் குளிர்ச்சி இல்லையென்றால் ப்ளோயரைச் சந்தேகப்பட வேண்டாம். அதேபோல், ப்ளோயர் சுவிட்ச் பூஜ்யத்தில் இருந்தால் பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸரே ஓடாது. "ஏசி லைட்டே எரியலை" என்று வரும் சில வண்டிகளில் கோளாறு இந்தப் பக்கம்தான் இருக்கும்.

இன்னொன்று. பானட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்குப் பின்னால் தெரியும் பெரிய ஃபேன் வேறு. அது எஞ்சினையும், ஏசியின் சூட்டை வெளியே விடும் கன்டென்ஸரையும் குளிர்விப்பது. போனில் பேசும்போது இரண்டையும் "ஏசி ஃபேன்" என்று சொல்லிக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

எதையும் கழற்றும் முன் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

சாவியைப் போட்டு, ஸ்பீடை 1, 2, 3, 4 என்று ஒவ்வொன்றாக வைத்து, எதில் ஓடுகிறது எதில் ஓடவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். கோளாறு எங்கே என்பதை அந்த வரிசையே பாதி சொல்லிவிடும்.

நாலில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர், அதாவது வேகத்தைக் குறைக்கும் பாகம். நாலில் மட்டும் ஓடாவிட்டால் சுவிட்ச், அல்லது நாலாம் ஸ்பீடுக்கான ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), அதன் ஒயர். நடுவில் ஒரு ஸ்பீடு மட்டும் இல்லையென்றால் ரெசிஸ்டரின் ஒரு சுருளோ சுவிட்சின் ஒரு பாயின்டோ போயிருக்கும். எதிலுமே ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, எர்த், மோட்டார் என்று பார்க்க வேண்டும். பள்ளத்தில் விழுந்து எழுந்தால் ஓடுகிறது என்றால் லூஸ் கான்டாக்ட் அல்லது தேய்ந்த கார்பன் (மோட்டாருக்குள் உரசிக் கரன்ட் கொடுக்கும் கட்டி).

மோட்டார் போய்விட்டது என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடம் "எந்த ஸ்பீடில் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். நாலில் ஓடுகிற மோட்டார் போன மோட்டார் அல்ல.

நாலாவது ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது. ஏன்?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குமிழ் வைத்த சாதாரண ஏசியில் மோட்டாரின் வேகத்தைக் குறைக்க இருப்பது ஒரு ரெசிஸ்டர் பேக். சின்னத் தகட்டில் இரண்டு மூன்று கம்பிச் சுருள்கள் இருக்கும், அல்லது பீங்கான் வில்லையில் அச்சடித்த பாதைகள் இருக்கும். முதல் ஸ்பீடில் கரன்ட் எல்லாச் சுருளையும் கடந்து வருவதால் மோட்டாருக்குக் குறைந்த வோல்ட்தான் கிடைக்கும். இரண்டில் ஒரு சுருள் விலகும், மூன்றில் இன்னொன்று விலகும். நாலில் ரெசிஸ்டரே கிடையாது, மோட்டாருக்கு முழு 12 வோல்ட்டும் நேராகப் போகும். ரெசிஸ்டர் அறுந்துபோனால் நாலு மட்டும் மிஞ்சுவது அதனால்தான்.

மோட்டாருக்குப் போகாமல் ரெசிஸ்டரில் தங்கும் வோல்ட் அங்கே சூடாக மாறுகிறது. உதாரணத்துக்கு 5 ஆம்பியர் ஓடும்போது 7 வோல்ட் அங்கே நின்றால் 35 வாட்ஸ், ஒரு சின்ன சால்டரிங் அயனின் சூடு. இந்தச் சூட்டை ஆற்றத்தான் ரெசிஸ்டரை ப்ளோயர் காற்று அடிக்கும் குழாய்க்குள்ளேயே பொருத்துகிறார்கள். இலை அடைத்தோ மோட்டார் இறுகியோ காற்று குறைந்தால் ரெசிஸ்டர் கொதிக்கும். அப்போது வண்டி தீப்பிடிக்காமல் இருக்க அதிலேயே ஒரு தெர்மல் ஃபியூஸ் வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட சூட்டில் அது அறுந்துவிடும், பிறகு தானாகச் சேராது. மூன்று ஸ்பீடும் ஒரே நாளில் போனது என்றால் அறுந்தது பெரும்பாலும் இதுதான்.

கிளவ் பாக்ஸைக் கழற்றினால் ப்ளோயருக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவில் ஒரு சின்னக் கப்ளரோடு (ஒயர் செருகும் பிளக்) நிற்பது ரெசிஸ்டர். விலை மோட்டார் விலையில் ஒரு சிறு பங்குதான் இருக்கும்.

ரெசிஸ்டர் மாற்றினேன், கொஞ்ச நாளில் மறுபடியும் போய்விட்டது. டூப்ளிகேட் பொருளா?

இருக்கலாம். ஆனால் நான் அதை முதலில் சந்தேகப்பட மாட்டேன். முதலில் மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். மோட்டாரில் மாட்டிய உருளை விசிறியான கேஜைச் சுண்டிவிட்டால் லேசாகச் சில சுற்று போய் நிற்க வேண்டும். விரலை எடுத்ததும் நின்றால், அச்சைத் தாங்கும் புஷ் காய்ந்து இறுகியிருக்கிறது. இறுகிய மோட்டார் கூடுதல் கரன்ட் இழுக்கும். அந்தக் கரன்ட் ரெசிஸ்டர் வழியாகத்தானே வர வேண்டும்?

ஒயரைக் கவ்வி கரன்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, டிசி அளக்கும் வகையாக இருக்க வேண்டும். சின்னக் கார்களில் முழு வேகத்தில் பொதுவாக 20 ஆம்பியரை ஒட்டியோ அதற்குக் கீழோ காட்டும். 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட இடத்தில் 28, 29 என்று காட்டினால் மோட்டார் அதன் கடைசிக் காலத்தில் இருக்கிறது.

அடுத்து கப்ளர். ரெசிஸ்டரிலிருந்து உருவியதும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பழுப்பேறி, ஓரம் மெழுகு போல வழிந்திருந்தால், அந்த டெர்மினல் தளர்ந்து தீய்ந்திருக்கிறது. அதில் புது ரெசிஸ்டரைச் செருகினால் அதன் பின்னும் தீயும். ஒயரோடு கிடைக்கும் புதுக் கப்ளரை வாங்கி, ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் செய்தோ சரியாகக் கிரிம்ப் செய்தோ போட வேண்டும். புது ரெசிஸ்டர் வாங்கும் அதே நாளில் கப்ளரையும் பார்க்காத வேலை அரை வேலை.

தெர்மல் ஃபியூஸை ஒயர் வைத்து ஜாயின்ட் அடித்துவிட்டால் ஓடுமே?

ஓடும். செய்யாதீர்கள். பிரிட்டனில் வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் ஸாஃபிரா பி கார்கள் பல தீப்பிடித்தன. 2015-ல் அந்த நிறுவனம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. ஏசி, ஹீட்டர் ப்ளோயரின் ரெசிஸ்டரில் இருக்கும் தெர்மல் ஃபியூஸை முறையில்லாமல் ரிப்பேர் செய்ததுதான் காரணம் என்றது நிறுவனம். சரிசெய்த கார்களிலும் தீ வரவே 2016-ல் இரண்டாவது முறையும் அழைக்க வேண்டியதாயிற்று, நாடாளுமன்றக் குழுவும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. எல்லாப் பழியையும் ரிப்பேர் செய்தவர் மேல் போட்டது சரியா என்பது வேறு விவாதம். நமக்கு வேண்டிய செய்தி, அந்தச் சின்னப் பொருள் எதற்காக அங்கே இருக்கிறது என்பதுதான்.

ஃபியூஸ் பெட்டிக்கும் இதே விதி. 25 ஆம்பியர் அடிக்கடி போகிறது என்று 40 போடுவது, சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றிவிடுவது எல்லாம் வேண்டாம். ஃபியூஸ் பிழைக்கும், ஒயர் எரியும்.

1, 2, 3 ஓடுகிறது, 4 மட்டும் ஓடவில்லையே?

முழுக் கரன்ட்டும் ஓடுவது நாலில்தான். சுவிட்சில் அந்த ஒரு பாயின்ட் மட்டும் கருகுவது சகஜம். குமிழைச் சுற்றி டேஷ்போர்டு வெதுவெதுப்பாக இருந்தாலோ பிளாஸ்டிக் வாடை வந்தாலோ சுவிட்சைக் கழற்றிப் பாருங்கள். சில கார்களில் நாலுக்கென்று தனி ரிலேயும் இருக்கும். அதே நம்பர் உள்ள வேறொரு ரிலேயை மாற்றிச் செருகினால் ஒரு நிமிடத்தில் விடை தெரியும்.

எந்த ஸ்பீடிலும் ஓடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஃபியூஸில். பானட்டுக்குள் ஒரு பெட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பெட்டி என்று இரண்டு இருக்கும், இரண்டையும் பாருங்கள். மூடியிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ ப்ளோயர் அல்லது ஹீட்டர் என்று போட்டிருக்கும். ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பது போதாது. செருகிய நிலையிலேயே அதன் முதுகில் தெரியும் இரண்டு புள்ளிகளிலும் டெஸ்ட் லேம்ப்பின் (கிளிப்பை பாடியில் மாட்டி முனையால் தொட்டுப் பார்க்கும் பல்பு) முனையை வையுங்கள், இரண்டிலும் எரிய வேண்டும். சாவி ஆனில் இருக்கட்டும்.

ப்ளோயரோடு வைப்பர், பவர் விண்டோ போன்றவையும் சேர்ந்து நின்றிருந்தால் சாவி சுவிட்சின் பின்புறப் பாயின்டையோ அதன் ரிலேயையோ பார்க்க வேண்டும், ப்ளோயரை விட்டுவிடுங்கள். ஸ்டார்ட் அடிக்கும் அந்த இரண்டு நொடி மட்டும் ப்ளோயர் நிற்பது கோளாறு அல்ல, பேட்டரியின் பலத்தை ஸ்டார்ட்டருக்கு விடுவதற்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் நேராக மோட்டாரின் கப்ளருக்குப் போங்கள். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். நிறையக் கார்களில் மோட்டாருக்கு 12 வோல்ட் எப்போதும் வந்து நிற்கும், ஸ்பீடு சுவிட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கம் இருக்கும். கப்ளரை மோட்டாரிலேயே செருகி வைத்து, ஸ்பீடை நாலில் வைத்து, மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்து இரண்டு ஒயரையும் பின்பக்கமாகத் தொட்டுப் பாருங்கள்.

ஒன்றில் 12, இன்னொன்றில் பூஜ்யம், ஆனாலும் மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. இரண்டிலும் 12 காட்டினால் மோட்டார் உள்ளே அறுபடவில்லை, எர்த் பக்கம்தான் திறந்திருக்கிறது, சுவிட்சையும் எர்த் போல்ட்டையும் பாருங்கள். இரண்டிலும் பூஜ்யம் என்றால் கரன்ட்டே அங்கு வரவில்லை, ரிலேக்குத் திரும்புங்கள். "ரெண்டு ஒயர்லயும் பவர் இருக்கு, அப்புறம் ஏன் ஓடலை?" என்று மோட்டாரை மாற்றிவிட்டு, புது மோட்டாரும் ஓடாமல் விழிப்பது இந்த இடத்தில்தான்.

மீட்டரை மட்டும் நம்பாமல் பழைய பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பும் வைத்துக்கொள்வது நல்லது. ஒயருக்குள் இழையெல்லாம் அரித்து ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று பெருமையாகக் காட்டும். கழற்றிய கப்ளரில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கோத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மோட்டாரைத் தட்டினால் ஓடுகிறது. அப்படியே விடலாமா?

தட்டினால் ஓடுகிறது என்றால் உள்ளே கார்பன் தேய்ந்து, ஸ்பிரிங் அழுத்தம் குறைந்து, சுழலும் பகுதியான ஆர்மேச்சரைச் சரியாகத் தொடாமல் நிற்கிறது. தட்டு அதை ஒருமுறை நகர்த்துகிறது, அவ்வளவுதான். இது ஒரு நல்ல சோதனை, வைத்தியம் அல்ல. சில ஊர்களில் ஆர்மேச்சர் கடையில் கார்பன் மாற்றித் தருவார்கள். ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்புப் பகுதி பள்ளம் விழாமல் இருந்தால் அது ஓடும். பள்ளம் விழுந்திருந்தால் புது மோட்டார்தான்.

ப்ளோயரில் சத்தம் வருகிறது. எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்?

கரகரவென்று, ஸ்பீடு கூட்டினால் வேகமாகும் சத்தம் இலை, சருகு, குச்சி. வேப்ப மரத்தடியிலும் புளிய மரத்தடியிலும் நிற்கும் வண்டிகளுக்கு இது வருடாந்திரச் சடங்கு. புளிய இலை அவ்வளவு சின்னது, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடையெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை.

கீச்சென்று ஆரம்பித்துச் சூடானதும் அடங்கினால் புஷ் காய்ந்துவிட்டது. ஒரு துளி எண்ணெய் விட்டால் சில வாரம் அமைதியாக இருக்கும், பிறகு திரும்ப வரும். எண்ணெய் கார்பன் பக்கம் வழிந்தால் இருந்ததும் கெடும், அதனால் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. டேஷ்போர்டே அதிர்ந்தால் கேஜின் ஒரு இதழ் உடைந்திருக்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் அழுக்கு அப்பியிருக்கும்.

சாவி போட்டதும் டக் டக் டக் என்று சில நொடி கேட்டு நின்றால் அது ப்ளோயரே அல்ல. காற்றுப் பலகையை நகர்த்தும் சின்ன மோட்டாரின் பல் உடைந்திருக்கிறது.

ஃபேன் சத்தம் நன்றாகக் கேட்கிறது, காற்று மட்டும் வரமாட்டேன் என்கிறது?

முதலில் கேபின் ஃபில்டர். பல வண்டிகளில் வாங்கிய நாளிலிருந்து ஃபில்டரைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். தூசி ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டினாலே காற்று கூடுகிறதா என்று தெரிந்துவிடும். கழற்றியபடியே விட்டுவிடாதீர்கள், அடுத்து அடைவது கூலிங் காயில். அதைச் சுத்தம் செய்ய பல கார்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும்.

கிளம்பும்போது நன்றாக வந்து, நெடுஞ்சாலையில் அரை மணி, முக்கால் மணி கழித்துக் காற்று மெல்ல மெல்ல இறங்குகிறதா? ஏசியை மட்டும் அணைத்து ப்ளோயரை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் காற்று திரும்புகிறதா? அப்படியானால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயிலின் சூட்டைப் பார்த்துக் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய சென்சர் வேலை செய்யவில்லை, அல்லது கேஸ் அளவு சரியில்லை. கேஸ் காற்றின் அளவைக் குறைக்கிற ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

மோட்டாரை மாற்றிய பிறகே காற்று குறைந்தது என்றால் ஒயர் இரண்டும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை உருளைக் கேஜ் திருப்பிச் சுற்றினாலும் காற்று அதே திசையில்தான் வரும், பலம்தான் பாதிக்கும் கீழே போகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

டிஜிட்டல் க்ளைமேட் கன்ட்ரோல் உள்ள காருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

மோட்டார், ஃபில்டர், எர்த் வரைக்கும் பொருந்தும். ரெசிஸ்டர் இருக்காது. அதன் இடத்தில் அலுமினியத் தகட்டில் ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும், ஏசி யூனிட் அனுப்பும் மெல்லிய சிக்னலை வைத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இது கெட்டால் ஒன்று அடியோடு நிற்கும், அல்லது முழு வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், அல்லது தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து, டைரக்ட் கொடுத்துப் பாருங்கள். மோட்டார் ஓடினால் மாட்யூலோ சிக்னலோதான். மாட்யூலின் சிக்னல் ஒயரில் மட்டும் 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்க வேண்டாம், பின்னால் இருக்கும் யூனிட் விலை உங்களை அழவைக்கும்.

சாவியை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது!

ரிலேயின் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது மாட்யூல் ஷார்ட் ஆகியிருக்கும். ப்ளோயர் ஃபியூஸை உருவிவிட்டுப் போய்ப் படுங்கள், இல்லையென்றால் காலையில் பேட்டரி இருக்காது. சில புதிய கார்களில் கூலிங் காயிலின் ஈரத்தைக் காயவைக்க, வண்டியை அணைத்துச் சற்று நேரம் கழித்து ப்ளோயர் தானே ஓடி நிற்கும்படி ஒரு வசதி உண்டு. உங்கள் காரில் அது இருக்கிறதா என்று புத்தகத்தைப் பார்த்துவிட்டு ரிலேயைத் திட்டுங்கள்.

ஊட்டிக்குப் போனோம், ஹீட்டரில் காற்று வருகிறது, சூடு வரவில்லை.

ப்ளோயர் தன் வேலையைச் செய்கிறது. சூடு எஞ்சின் கூலன்ட்டிலிருந்து வர வேண்டும். கூலன்ட் குறைவு, உள்ளே காற்று அடைப்பு, திறந்தபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட், நகராத காற்றுப் பலகை என்று நாலில் ஒன்று. நம் ஊரில் வருடக்கணக்கில் குமிழ் நீலத்திலேயே கிடப்பதால் பலகையின் கேபிள் இறுகிப்போவது உண்டு. மாதம் ஒருமுறை சும்மாவாவது சிவப்புக்குத் திருகிவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

காலடி நனைந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பசையாக ஆவி படிந்து, இனிப்பு வாடை வந்தால் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது. வாடையில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது.

எலித் தொல்லைக்கு என்ன செய்வது?

எலி ப்ளோயர் வரை வருகிறது, சந்தேகமே வேண்டாம். ஒரு வண்டியில் மோட்டாரை இறக்கியதும் கேஜுக்குள்ளிருந்து கொட்டியது முழுக்கக் கேபின் ஃபில்டரின் காகிதம், மெத்தை செய்ய வாகாகத் துண்டு துண்டாக நறுக்கியிருந்தது. நடுவில் பாதி தின்ற முறுக்கு. அந்த முறுக்கு அதே காரின் பின்சீட்டிலிருந்து போனது.

வெளிக்காற்று வழியாகத்தான் பெரும்பாலும் நுழையும், வண்டியை நிறுத்தும்போது உள்காற்று நிலையில் வைத்து நிறுத்துங்கள். காற்று நுழையும் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலை வைக்கலாம், ஓட்டை சின்னதாக இருக்க வேண்டும், காற்றை அடைக்கும் அளவுக்கு அல்ல. தின்பண்டத்தை வண்டியில் விடாதீர்கள். ஸ்பிரே, புகையிலை வைத்தியங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி. ப்ளோயரைப் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. சாவியே போடாதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ப்ளோயர் காலடி உயரத்தில் இருப்பதால் தண்ணீர் சீட்டைத் தொடும் முன்பே அதைத் தொட்டுவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மோட்டாரையும் ரெசிஸ்டரையும் இறக்கிச் சேறு போகக் கழுவி நன்றாகக் காயவைத்து, கப்ளர்களைச் சுத்தம் செய்த பிறகே மாட்ட வேண்டும். இன்சூரன்ஸ் கோருவதாக இருந்தால் கழற்றும் முன் சர்வேயர் பார்க்கட்டும்.

நாமே கழற்றலாமா?

ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழக்கம் இருந்தால் தாராளமாக. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். கிளவ் பாக்ஸின் இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் பெரும்பாலான கார்களில் அது கீழே சாய்ந்துவிடும். அதற்குக் கீழே வட்டமாக, பொதுவாக மூன்று ஸ்க்ரூவில் நிற்பது ப்ளோயர். கடைசி ஸ்க்ரூவை எடுக்கும்போது கீழே கை கொடுங்கள், கேஜ் தரையில் விழுந்தால் பேலன்ஸ் போய்விடும். மஞ்சள் கப்ளர், மஞ்சள் குழாய் சுற்றிய ஒயர் எது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள், அது ஏர்பேக். டெஸ்ட் லேம்ப் முனை அந்தப் பக்கமே போகக் கூடாது.

பழைய பார்ட்ஸ் கடையில் மோட்டார் வாங்கலாமா?

பேட்டரி வைத்து ஓட்டிக்காட்டினால் வாங்கலாம். பார்வைக்கு அச்சு அசலாக இருந்தாலும் சுற்றும் திசையைப் பாருங்கள். இடதுகைப் பக்கம் ஸ்டியரிங் உள்ள நாட்டிலிருந்து வந்த மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுவதாக இருக்கலாம், கேஜின் இதழும் மாறி வளைந்திருக்கும். உங்கள் பழைய மோட்டாரைக் கையோடு எடுத்துப்போய் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சம்பளம் வரும்வரை ப்ளோயர் இல்லாமல் ஓட்டலாமா?

வெயிலைப் பொறுத்துக்கொள்வேன் என்றால் ஓட்டலாம், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மழையில் முன்கண்ணாடியில் படியும் ஆவியை எடுக்க வழி இருக்காது. மழைக்காலத்தில் இரவுப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள், கையில் ஒரு துணி இருக்கட்டும். தீய்ந்த வாடை வந்திருந்தால் மட்டும் இந்தப் பதில் செல்லாது. ஃபியூஸையும் ரிலேயையும் உருவி எடுத்துவிட்டு அன்றைக்கே காட்டுங்கள்.